எமன் ஏடும் ஊர் ஏடும்

எமனுடைய கணக்கப்பிள்ளைக்குச் சித்திரகுப்தன் என்று பெயர் சூட்டினார்கள் நம் புராணிகர்கள். அவன் கையிலே ஓர் ஏடு. பிறந்தோர் அனைவருக்கும் அந்த ஏட்டிலே நாள் குறித்திருக்கிறதாம். நாள் முடிந்ததும் பாசக்கயிறு வருமாம். காஞ்சியிலே அவனுக்குக் கோயிலும் உண்டு. சித்திரைப் பௌர்ணமியன்று படையலும் உண்டு.

அந்த ஏட்டிலே ஒரு விந்தை! இன்னார் இன்ன நாளில் இறப்பார் என்று எழுதியிருக்குமாம். எதனால் இறந்தார் என்று மட்டும் எழுதியிருக்காதாம். காரணம் காட்டாத கணக்கு. எவரும் படிக்க முடியாத ஏடு. படித்தாலும் திருத்த முடியாத எழுத்து. அந்த எழுத்துக்குத்தான் தலையெழுத்து என்று பெயரிட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்து நின்றோம்.

இன்னோர் ஏடும் இருக்கிறது. அது நம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலே இருக்கிறது. 1880-ஆம் ஆண்டின் ஆணையால் புதுவை மண்ணில் கொம்யூன்கள் அமைந்தன. பிறப்பையும் இறப்பையும் ஊர்தோறும் பதிந்துவைக்கும் பழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இங்கு வேரூன்றியது. இந்தியா முழுமைக்கும் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. இந்த ஏட்டிலே நாள் இருக்கிறது. காரணம் எழுத இடமும் இருக்கிறது. இதைப் படிக்க வழி உண்டு. படித்துப் பாடம் பெறலாம். மனித இனம் வாழ்நாளை நீட்டியது எமன் ஏட்டைப் பூசித்து அல்ல. ஊர் ஏட்டைப் படித்து!

பள்ளியிலே ஒரு பாடம்

பூரணாங்குப்பத்திலே, சுண்ணாம்பாற்றங்காற்று வீசும் நம் ஊரிலே, மாணவர்களுக்கு ஒரு நாள் வீட்டு வேலை கொடுத்தோம். "உங்கள் பாட்டனார், பாட்டியார், அவர்தம் உடன்பிறந்தார் எதனால் இறந்தார்கள் என்று வீட்டிலே கேட்டு எழுதி வாருங்கள்" என்றோம். மறுநாள் வந்த விடைகளைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. 'காற்று கறுப்பு அடித்தது' என்று ஒரு பிள்ளை. 'அம்மா அழைத்துக்கொண்டாள்' என்று ஒரு பிள்ளை. 'பேதி', 'பிள்ளைப்பேறு', 'பிறந்த ஏழாம் நாள் ஜன்னி' என்று சிலர். 'வயசு' என்று பலர். 'தெரியாது' என்று எழுதியோர் எல்லோரையும்விட அதிகம்.

தன் பாட்டனார் எவ்வளவு நிலம் வைத்திருந்தார் என்பது தெரிகிறது. எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார் என்பது தெரிகிறது. எதனால் செத்தார் என்பது மட்டும் தெரியவில்லை! இந்த அறியாமை இந்தப் பிள்ளைகளுடைய குற்றமல்ல. சாவுக்குக் காரணம் கேட்பதே பாவம் என்று பழக்கிய பழமையின் குற்றம்.

நமக்கு அண்டை ஊரான பாகூரை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கன் என்னும் பல்லவ மன்னன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த வடமொழிக் கல்லூரிக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது. நோயாளிகளுக்கு என்று ஊர் கொடுத்தார்களா? தேடிப் பார்த்தால் பதினோராம் நூற்றாண்டில் செங்கற்பட்டுப் பகுதியின் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை தெரிகிறது. மருத்துவர் உண்டு, அறுவை செய்வோர் உண்டு, பணிப்பெண்டிர் உண்டு, மருந்துகளின் பட்டியலும் உண்டு. தமிழன் பெருமைகொள்ளத்தக்க செய்திதான். ஆனால் அது யாருக்காக? கோயில் ஊழியருக்காகவும், அங்கே வேதம் பயின்ற மாணவருக்காகவும்! ஏரி வெட்டியவனுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் கட்டில் போட்டதாகக் கல்வெட்டுச் சொல்லவில்லை.

அம்மையும் பேதியும்

பெரியம்மை வந்தால் மாரி வந்தாள் என்றார்கள். உடலெங்கும் கொப்புளம் பொங்கிய குழந்தையைப் பார்த்து 'முத்துப் போட்டிருக்கிறது' என்றார்கள். அம்மையில் இறந்தவரைக் 'குளிர்ந்துபோனார்' என்றார்கள். சாவுக்கும் ஒரு மங்கலச் சொல்! கொல்லும் நோய்க்குக் கோயில் கட்டி, கொன்றபின் கூழ் வார்த்தார்கள்.

1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர் பசுவின் அம்மைப்பாலை எடுத்து ஒரு சிறுவனுக்குக் குத்திப் பார்த்தார். 1802-இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் அம்மைகுத்தல் நடந்தது. நம் மக்கள் கையை நீட்டத் தயங்கினார்கள். சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிசு என்ற ஆங்கிலேயர், இந்த அம்மைப்பால் பசுவின் வழியாகத் தெய்வமே தந்த அருள் என்று தமிழில் ஒரு கதையே புனைந்தார் என்றால், நம் மடமையின் அளவை எண்ணிப் பாருங்கள்! உண்மையை உண்மையாகச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். புராண வேடம் போட்டு அனுப்பினால்தான் வாயிற்கதவு திறக்கும் என்று வேற்று நாட்டான் நம்மைக் கணக்குப் போட்டிருந்தான்.

வீடு வீடாகச் சென்றார்கள் அம்மை குத்துவோர். 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. 1977-இல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி. 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. தோழர்களே, மாரி கோபம் தணிந்தா போனாள்? ஊசி முனையிலே ஒழிந்தது நோய்!

பேதியின் கதை இன்னும் கொடியது. 1817-இல் வங்கத்திலிருந்து கிளம்பிய காலரா உலகத்தையே சுற்றியது. 1867-இல் அரித்துவாரக் கும்பமேளாவில் கூடிய கூட்டம், புண்ணியத்தோடு காலராவையும் மூட்டைகட்டி வடநாடெங்கும் கொண்டுசென்றது. இலண்டனில் ஜான் சுனோ என்னும் மருத்துவர் என்ன செய்தார்? 1854-இல் ஒரு தெருவில் இறந்தோர் வீடுகளைப் படத்திலே புள்ளி புள்ளியாகக் குறித்தார். புள்ளிகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி மொய்த்தன. அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். சாவுக்கணக்கைப் படித்த ஒருவன் சாவைத் தடுக்க முனைந்த நாள் அது. 1884-இல் இராபர்ட்டு கோக்கு கல்கத்தாவின் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். கிருமியின் நஞ்சே குடலைத் தாக்குகிறது என்று 1959-இல் மெய்ப்பித்தவர் நம் இந்தியர், சம்புநாத் தே. 1971-இல் வங்கதேச அகதி முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தே, முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவை நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிக் காட்டினார் திலீப் மகலனாபிசு.

இந்த வரலாற்றிலே சாதியின் பங்கை மறந்துவிடலாகாது. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமை சேரிக்கு இல்லை. ஆடுமாடு இறங்கும் குட்டைநீர்தான் அவர்களுக்கு. அந்தக் குட்டையிலே கிருமி. அந்தக் கிருமியிலே சாவு. 'கீழ்ச்சாதிக்காரன் அழுக்கு, அதனால் நோய்' என்றான் மேல்சாதிக்காரன். நல்ல நீரை மறுத்தவன் தானே என்பதை அவன் சொல்லவில்லை. சாவுக்குக் காரணம் கேட்கக்கூடாது என்று ஏன் பழக்கினார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? காரணம் கேட்டால், விரல் தங்கள் பக்கமே நீளும்!

புதுவை கண்ட வழி

நம் புதுவைக்கு இதிலே நல்ல பங்கு உண்டு. 1823-இலேயே பிரெஞ்சுக்காரர் இங்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியபின், 1956-இல் அது மருத்துவக் கல்லூரியாயிற்று; 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. 1975-இல் கொசு முதலிய நோய்ப்பரப்பிகளை ஆராயும் மையம் புதுவையில் அமைந்தது.

யானைக்கால் நோய் கொசுவால் பரவுவது. அந்நோயின் புழு கொசுவின் உடலிலே வளர்வதை 1877-இல் சீனத்தில் பணியாற்றிய பேட்ரிக்கு மான்சன் கண்டார். நம் ஊர்களிலே 'முன்வினை' என்று சொல்லி வீங்கிய காலை இழுத்துக்கொண்டு நடந்தவர்கள் எத்தனை பேர்! 1981 முதல் ஐந்தாண்டுகள் புதுவை நகரிலே சாக்கடைகளைத் தூர்வாரி, தேங்கிய நீரை வடித்து, புழு தின்னும் மீன்களை விட்டுக் கொசுவைக் குறைக்கும் பெரும்பணி நடந்தது. கடலோரக் குப்பங்களிலே தேங்கிய கழிநீரில் படர்ந்த பாசியிலே மலேரியாக் கொசு பெருகுவதைக் கண்டவர்கள், அந்தப் பாசியை அள்ளிக் காகிதம் செய்ய ஊர்மக்களைப் பழக்கினார்கள். கொசுவின் தொட்டிலே மக்களுக்குக் கூலியாயிற்று!

சென்னை கண்ட செய்தி ஒன்றும் உண்டு. காசநோய்க்காரரை மலைமேல் நல்ல காற்றும் ஊட்டமான உணவும் தரும் விடுதியிலே வைத்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பியிருந்தது. ஏழைக்கு ஏது மலைவிடுதி? 1956-இல் சென்னையில் அமைந்த ஆய்வுமையம், குடிசையிலே இருந்துகொண்டு மருந்தை ஒழுங்காக உண்டாலும் விடுதியில் இருப்போர் அளவுக்கே குணமாகிறது என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. இடமல்ல, மருந்தே காக்கும். வசதியல்ல, ஒழுங்கே காக்கும் என்பது அந்தப் பாடம். இதை நினைவில் வையுங்கள். இனி வரும் பகுதிக்கு இதுவே திறவுகோல்.

'அந்தக் காலம்' என்னும் பொய்

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் இந்தியனின் சராசரி வாழ்நாள் முப்பத்திரண்டு. இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. ஆனாலும் திண்ணையிலே ஒரு பேச்சு ஓயவில்லை; இப்போது கைப்பேசியிலும் அது பறக்கிறது. "அந்தக் காலத்து மனிதன் கம்பங்கூழ் குடித்தான், வைத்தியமில்லாமல் நூறாண்டு வாழ்ந்தான்" என்கிறார்கள். கூழ் நல்ல உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் நூறாண்டு வாழ்ந்த ஒரு கிழவனைக் காட்டுவோர், ஐந்து வயதுக்குள் அவனுடைய உடன்பிறந்தார் எத்தனை பேர் புதைந்தார்கள் என்று சொல்வதில்லையே! 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைச் சொல்வதில்லையே! 1918-இல் வந்த விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் கோடிக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனதைச் சொல்வதில்லையே! பிழைத்தவன் கதையைச் சொல்லிச் செத்தவன் கணக்கை மறைப்பதற்குப் பெயர் பழம்பெருமை.

1971-இல் அப்தெல் ஓம்ரான் என்ற எகிப்து நாட்டு அறிஞர், சாவின் காரணங்கள் காலத்தோடு மாறுகின்றன என்று வகுத்துச் சொன்னார். முதலிலே கொள்ளைநோயும் பஞ்சமும் கொல்லும் காலம். பின்பு கொள்ளைநோய் பின்வாங்கும் காலம். அதன்பின் இதயநோய், புற்றுநோய், நீரிழிவு போன்ற நெடுநாள் நோய்கள் கொல்லும் காலம். இந்தியாவில் 1990-இல் நிகழ்ந்த சாவுகளில் ஏறத்தாழ 38 விழுக்காடு இத்தகைய தொற்றா நோய்களால் வந்தவை. 2016-இல் அது ஏறத்தாழ 62 விழுக்காடு ஆயிற்று. கொள்ளைக்காரன் போனான், வீட்டுக்குள்ளேயே இருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருடுகிறவன் வந்தான்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெருங்கணக்கு நாட்டிலே 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு என்றது. நாட்டுச் சராசரி 11.4 விழுக்காடு. நம் புதுவையில்? 26.3 விழுக்காடு! வயது வந்தோர் நால்வரில் ஒருவருக்கு மேல். கோவாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே நாம்தான். எதிலே இரண்டாமிடம் பாருங்கள்!

நம்முடைய தந்தையார்

ஊரைச் சொல்லிவிட்டு வீட்டை மறைப்பது அழகல்ல. நம்முடைய தந்தையார் உழவர். நீரிழிவு என்று மருத்துவர் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நெஞ்சு நிமிர்த்தி நடக்கிறேன், மூட்டை தூக்குகிறேன், எனக்கென்ன நோய்?" என்றார். சில மாதம் மாத்திரை. உடம்பு நன்றாக இருக்கவே நிறுத்தினார். வேரோடு அறுக்கும் என்று ஒருவர் விற்ற பொட்டலத்தை வாங்கிக் குடித்தார். ஒரு நாள் வரப்பிலே காலில் முள் ஏறியது. அது அவருக்குத் தெரியவில்லை! நீரிழிவு அவர் பாதத்தின் உணர்வைத் தின்றுவிட்டிருந்தது. புண் பெருகியதும் உறவினர் செய்வினை என்றார்கள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். மருத்துவமனைக்குச் சென்றபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாண்டுக்குப் பின், ஓர் இரவு, உறக்கத்திலேயே போனார். ஐம்பத்துநான்கு வயது. "நல்ல சாவு, நோகாமல் போனார்" என்றார்கள் வந்தவர்கள்.

அதுவா நல்ல சாவு? பதிவேட்டிலே 'மாரடைப்பு' என்று எழுதச் சொன்னவர்கள் நாமே. அப்போது கல்லூரியிலே பட்டம் பெற்றிருந்தோம், வரலாறு படித்திருந்தோம், வாட்டர்லூவிலே நெப்போலியன் தோற்றதற்குக் காரணங்கள் பத்து எழுதத் தெரியும், பெற்ற தந்தை இறந்ததற்கு ஒரு காரணம் ஒழுங்காக எழுதத் தெரியவில்லை! பின்புதான் அறிந்தோம்: இறப்புக் காரணச் சான்றிதழிலே மூன்று நிலைகள் கேட்கிறார்கள். உடனடிக் காரணம் எது? அதைக் கொண்டுவந்தது எது? எல்லாவற்றுக்கும் மூலமாக இருந்தது எது? மாரடைப்பு வாயிற்படி, நீரிழிவு வேர். வேரை எழுதாமல் வாயிற்படியை மட்டும் எழுதினால், நாட்டின் கணக்கிலே அந்த வேர் மறைந்துபோகிறது. நம் தந்தையார் இரண்டு முறை இழக்கப்பட்டார்: வீட்டிலே ஒரு முறை, ஏட்டிலே ஒரு முறை. 2020-ஆம் ஆண்டு இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணச் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே. நாட்டின் முக்கால் பங்குச் சாவு இன்னும் சித்திரகுப்தன் ஏட்டிலேதான் இருக்கிறது!

காரணம் கண்டோர்

1662-இல் இலண்டன் துணிவணிகர் ஜான் கிரான்ட் என்பவர், வாராவாரம் வெளிவந்த சாவுப் பட்டியல்களைச் சேர்த்து வைத்து எண்ணினார். மருத்துவரல்லர், அறிஞர் குழாத்தவரும் அல்லர். எண்ணத் தெரிந்தவர், அவ்வளவே. அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு துறையே பிறந்தது. 1948-இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் சிற்றூரிலே 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். உயர்ந்த குருதியழுத்தம், புகை, மிகுந்த கொழுப்பு ஆகியவை இதயநோயை வரவழைக்கின்றன என்று அறிந்தார்கள். விதியை எண்ணியவர்கள் அல்லர் அவர்கள், பழக்கத்தை எண்ணினார்கள்.

நெடுநாள் நோய்க்கு மருந்து ஒரு நாளைக்கு மட்டும் போதாது, அறாமல் வரவேண்டும். பாலத்தீனத்தைப் பாருங்கள். அங்கும் தொற்றுநோய் பின்வாங்கி, இதயநோயும் நீரிழிவும் புற்றுநோயுமே முதன்மையான சாவுக் காரணங்களாயின என்று 2009-இலேயே மருத்துவ ஏடுகள் எழுதின. 2023 அக்டோபரில் தொடங்கிய காசாப் போரிலே குண்டு விழுந்து இறந்தோர் ஒருபுறம். இன்சுலின் கிட்டாமலும், சிறுநீரகத்துக்கு மாற்றாகக் குருதியைத் தூய்மை செய்யும் எந்திரம் ஓடாமலும் தவித்தோர் மறுபுறம். அங்கே மருந்து கிடைக்காமல் மனிதன் மடிகிறான். இங்கே அரசு நிலையத்திலே இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை வாங்கி வந்து, உறியிலே வைத்துவிட்டு, கயிறு கட்டிக்கொள்கிறான் நம் அண்ணன்! எது பெரிய கொடுமை என்று நீங்களே சொல்லுங்கள்.

'வந்துவிட்டது, இனி என்ன' என்னும் சொல்லைத்தான் நாம் எதிர்க்கவேண்டும். அன்று மாரியின் பெயரால் சொன்ன அதே சொல், இன்று சர்க்கரையின் பெயரால் வருகிறது. மற்றொரு புறம், பழக்கமே காரணம் என்றால் குற்றம் முழுவதும் ஏழையுடையதுதான் என்று தீர்ப்பளிக்கும் சீமான்களையும் எதிர்க்கவேண்டும். மலிவான அரிசியும் உப்பேறிய கருவாடும் எண்ணெய்ப் பண்டமுமே கைக்கெட்டும் விலையில் இருக்க, பழமும் பயறும் எட்டாத விலையில் இருக்க, தெருமுனைதோறும் சாராயம் திறந்திருக்க, 'நாவை அடக்கு' என்று மட்டும் போதிப்பது சேரிக்குக் கிணறு மறுத்தவன் பேச்சுக்குத் தம்பி!

என்ன செய்யலாம்?

இளைஞர்களே! கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைவது நம் பணியல்ல. வருகிற ஞாயிறன்று உங்கள் வீட்டிலே ஒரு குறிப்பேடு திறவுங்கள். மூன்று தலைமுறையின் பெயர், இறந்த வயது, காரணம் எழுதுங்கள். தெரியாத இடத்திலே 'விதி' என்று எழுதாதீர்கள். 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். தெரியவில்லை என்பது நாணயமான சொல். விதி என்பது பொய்.

முப்பது வயது கடந்த ஒவ்வொருவரையும் குருதியழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். நம் தாய்மார்களை முதலிலே அழையுங்கள். வீட்டார் எல்லோரும் உண்டபின் உண்பவள், எல்லோரும் மருத்துவம் பார்த்தபின்னும் பார்த்துக்கொள்ளாதவள் அவள். மாத்திரையை நிறுத்தியவரிடம் சென்னைக் காசநோய் ஆய்வின் பாடத்தைச் சொல்லுங்கள்: ஒழுங்கே காக்கும். இரவில் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்வில்லாத பாதத்துக்குக் கண்தான் காவல். வீட்டிலே சாவு நேர்ந்தால், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்யுங்கள். மருத்துவரிடம் மூலக் காரணத்தைக் கேட்டுப் பெறுங்கள். கேட்பது இறந்தவரை அவமதிப்பதல்ல, இருப்பவரைக் காப்பது.

நோயின் மூலத்தைத் தேடச் சொன்ன வள்ளுவர் பிறந்த நாடு இது. தேடாமல் இருந்ததற்கு நம் தந்தையாரின் ஒரு காலை விலையாகக் கொடுத்தோம். பின்பு அவரையே கொடுத்தோம். இந்த வரிகளைப் படிக்கும் ஒரு தோழர், நாளைக் காலையிலே தம் தந்தையாரின் பாதத்தைக் குனிந்து பார்ப்பாரானால், இக்கட்டுரை எழுதிய பயன் நமக்குக் கிட்டிவிடும். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிடுவது பழைய வழக்கம். புண் இருக்கிறதா என்று பார்ப்பது புதிய வழக்கமாகட்டும்!